ஒரே கார், இரண்டு பெயர்: எதை வாங்குவது என்று முடிவு செய்யும் முறை

சென்ற பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் புறப்படுவதற்காக எங்கள் குடும்பத்தார் அனைவரும் கல்லிடைக்குறிச்சியில் உள்ள சித்தப்பா வீட்டில் கூடியிருந்தோம். வாசலில் சித்தப்பாவின் டொயோட்டா கிளான்சாவும் அத்தானின் மாருதி பலேனோவும் அடுத்தடுத்து நின்றன; இரண்டும் 2022-இல் வாங்கியவை. பொங்கல் பானையையும் விறகையும் ஏற்றுவதற்காக இரண்டின் பின்கதவையும் திறந்து வைத்திருந்தபோது, சித்தப்பா சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே வண்டில்லா இருக்கு! அப்போ நான் எதுக்குடே கூடத் துட்டு குடுத்தேன்?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கார் வாங்கிய பிறகு கேட்பதைவிட வாங்குவதற்கு முன்பே கேட்டிருந்தால் பயன் அதிகம். ஒரே கார் இரண்டு நிறுவனங்களின் பெயரில் விற்கப்படும்போது, வாங்குபவர் தேர்ந்தெடுப்பது காரை அல்ல. அந்தக் காரைச் சுற்றியுள்ள ஏற்பாட்டைத்தான். உத்தரவாதம், சர்வீஸ் மையத்தின் தூரம், வரி, காப்பீடு, காத்திருக்கும் காலம், பிற்காலத்தில் விற்கும்போது கிடைக்கும் விலை ஆகியவையே அந்த ஏற்பாடு. அவற்றை ஒவ்வொன்றாக எப்படி அளந்து பார்ப்பது என்பதை, உறவினர்களுக்காகக் காட்சிக்கூடங்களில் ஏறி இறங்கிய அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

இரண்டும் எந்த அளவுக்கு ஒன்று?

இந்த வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த மினி கார், ஆஸ்டின் செவன் என்றும் மோரிஸ் மினி மைனர் என்றும் இரண்டு பெயர்களில் விற்கப்பட்டது. நம் நாட்டில் மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து 2007-இல் விற்கத் தொடங்கிய லோகன், அந்தக் கூட்டு முடிந்த பிறகு மஹிந்திரா வெரிட்டோ ஆயிற்று. சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் உருவான ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் நம் சாலைகளில் இன்றும் ஓடுகின்றன. இன்று கடைத்தெருவில் மிகுதியாகக் காணப்படுபவை, டொயோட்டாவும் சுசுகியும் செய்துகொண்ட உடன்பாட்டால் பிறந்த ஜோடிகள். மாருதி சுசுகியின் பலேனோவுக்கு டொயோட்டாவில் மறுபெயர் கிளான்சா; அவ்வாறே எர்டிகாவின் மறுபெயர் ரூமியான்; ஃபிராங்க்ஸின் மறுபெயர் டைசர்; கிராண்ட் விட்டாராவுக்கு இணை ஹைரைடர்; டொயோட்டாவின் இன்னோவா ஹைக்ராஸுக்கு மாருதியில் இணை இன்விக்டோ. இவற்றில் எந்த நிறுவனம் எதைச் செய்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. கிளான்சாவைச் செய்து கொடுப்பது சுசுகியின் தரப்பு. மாருதியின் சின்னத்தோடு விற்கப்படும் கிராண்ட் விட்டாராவும் இன்விக்டோவும் பெங்களூருக்கு அருகில் பிடதியில் உள்ள டொயோட்டாவின் ஆலையிலிருந்து வருகின்றன. ஆகவே, "பெயர்ப்பலகையில் இருப்பவர்தான் செய்தவர்" என்று நினைத்துக்கொண்டு தரத்தை மதிப்பிடுவதில் பொருளில்லை.

ஆனால் எல்லா ஜோடிகளும் ஒரே அளவுக்கு ஒன்றல்ல. கார்களை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் முதல் யோசனை. கதவு, கூரை, பின்பக்கத் தகடு ஆகியவற்றை அழுத்தி உருவாக்கும் அச்சுகளுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. முன்பக்க பம்பர், கிரில், விளக்கு, சக்கரம் ஆகியவற்றை மாற்றுவதற்கு அதனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகவே ஆகும். அதனால் பெயரை மட்டும் மாற்றும் நிறுவனம் முகத்தை மாற்றும். கதவையும் கண்ணாடியையும் தொடாது. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது கதவுகளின் கோடும் கண்ணாடிகளின் வடிவமும் அப்படியே ஒத்திருந்தால் அது முழு இரட்டை. பலேனோவும் கிளான்சாவும் அப்படிப்பட்டவை. எஞ்சினும் அதே 1,197 சி.சி. பெட்ரோல் எஞ்சின்தான்.

உடல் வேறாகவும் எலும்புக்கூடு ஒன்றாகவும் உள்ளவை அடுத்த வகை. ஸ்கோடா குஷாக்கும் ஃபோக்ஸ்வேகன் டைகூனும் இத்தகையவை. முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை உள்ள தூரம் இரண்டுக்கும் 2,651 மில்லிமீட்டர். எஞ்சினும் கியரும் பொது. 2022 அக்டோபரில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனை முடிவில் இரண்டும் 5 நட்சத்திரம் பெற்றன. மூன்றாவது வகையில் அடித்தளமும் எஞ்சினும் பொதுவாக இருந்தாலும், உடலும் உள்ளமைப்பும் முற்றிலும் வேறு. ஹுண்டாய் கிரெட்டாவையும் முதல் தலைமுறை கியா செல்டோஸையும் அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இவ்வகையை இரட்டை என்று கொள்ளாமல் இரண்டு தனிக் கார்களாகவே ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இனி இங்கே சொல்லப்போவது முதல் வகைக்கு முழுமையாகவும் இரண்டாம் வகைக்குப் பெரும்பகுதியும் பொருந்தும்.

வரிசையும் வசதியும்

இரண்டு நிறுவனங்களும் ஒரே காரை விற்றாலும், அதை ஒரே மாதிரியான படிகளாக (வேரியன்ட்களாக) பிரித்து விற்பதில்லை. ஒருவர் மூன்றாம் படியில் தரும் வசதியை மற்றவர் நான்காம் படியில் தருவார். ஒருவர் வைத்திருக்கும் எஞ்சின் வகையே மற்றவரிடம் இல்லாமலும் போகும். ஹைக்ராஸில் சாதாரண பெட்ரோல் எஞ்சினும் உண்டு, ஹைபிரிட் எஞ்சினும் உண்டு. இன்விக்டோ ஹைபிரிட் எஞ்சினோடு மட்டுமே வந்தது. ஓட்டுநருக்கு உதவும் ரேடார், கேமரா பாதுகாப்பு அமைப்பு ஹைக்ராஸின் உச்சப் படியில் இருந்தது. 2023 ஜூலையில் வெளிவந்த இன்விக்டோவில் அது தரப்படவில்லை. எனவே "இதன் விலை, அதன் விலை" என்று தொடக்க விலைகளை ஒப்பிடுவது தவறான கணக்கு. ஒரு தாளை எடுத்து, உங்களுக்குக் கட்டாயம் வேண்டியவற்றை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆறு ஏர்பேக், பின்பக்கக் கேமரா, தானியங்கி கியர் என்பது போல. பிறகு ஒவ்வொரு நிறுவனத்திலும் இவை அனைத்தும் கிடைக்கும் மிகக் குறைந்த படி எது என்று பார்த்து, அந்த இரண்டு படிகளின் விலையை மட்டும் ஒப்பிடுங்கள். காட்சிக்கூடத்தில் காட்டப்படும் கார் பெரும்பாலும் உச்சப் படியாக இருக்கும் என்பதால், நீங்கள் வாங்கப்போகும் படியின் விவரத்தை அச்சிட்ட தாளில் கேட்டு வாங்க வேண்டும்.

பத்து லட்சம் என்னும் கோடு

விலை வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் ஒன்று சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதிய சொந்தக் கார்களுக்கான ஆயுள்கால வரி, 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று உள்ளது. 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டுமல்லாமல் முழு விலைக்கும் 18 சதவீதம் கணக்கிடப்படும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் பார்க்கலாம். ஒரே காரின் ஒரு பெயர் 9,90,000 ரூபாய், மறுபெயர் 10,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு வரி 1,28,700 ரூபாய். இரண்டாவதற்கு 1,81,800 ரூபாய். விலைப் பட்டியலில் தெரிந்த வேறுபாடு 20,000 ரூபாய்தான். கையிலிருந்து போகும் வேறுபாடோ 73,100 ரூபாய் ஆகிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் ஜோடி இந்தக் கோட்டின் இருபுறமும் நின்றால், மற்ற எதைப் பேசுவதற்கும் முன்னால் இதைத்தான் பேச வேண்டும். கார் எத்தனை ரூபாய்க்கு மதிப்பிடப்பட்டு வரி போடப்படுகிறது என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். "ஆன்ரோடு" என்ற ஒற்றைத் தொகையை மட்டும் சொன்னால் ஏற்க வேண்டாம்.

காப்பீட்டில் வேறுபாடு இவ்வளவு இராது. பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டாயக் காப்பீடு எஞ்சினின் சி.சி. அளவைப் பொறுத்தது என்பதால் இரட்டைகளுக்கு அது ஒன்றே. நம் காருக்கான காப்பீடு, காரின் விலையிலிருந்து தேய்மானம் கழித்த மதிப்பைப் பொறுத்தது. ஆகவே விலை கூடிய பெயருக்குக் கட்டணமும் சற்றே கூடும், கார் முழுதாகச் சேதமடைந்தால் கிடைக்கும் தொகையும் அதே அளவுக்குக் கூடும். காட்சிக்கூடத்தில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

உத்தரவாதமும் தூரமும்

சித்தப்பாவின் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் இருந்தது. அவர் கார் வாங்கிய 2022-இல் டொயோட்டா 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தந்தது. மாருதி தந்ததோ 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். அவர் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஓர் ஆண்டும் 60,000 கிலோமீட்டரும் கிடைத்திருந்தன. வாங்கும்போது அதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை, அவ்வளவே. 2024 ஜூலையில் மாருதியும் 3 ஆண்டு, 1,00,000 கிலோமீட்டர் என்று மாற்றிக்கொண்டதால், இன்று புதிதாக வாங்குபவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. பக்கத்து வீட்டார் இரண்டாண்டுக்கு முன்னால் சொன்ன காரணத்தை வைத்து இன்று கார் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், காசு கொடுத்து நீட்டிக்க எவ்வளவு ஆகும் என்ற மூன்றையும் முன்பணம் கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளான்சாவுக்கான உத்தரவாதத்தை மாருதியின் சர்வீஸ் மையத்தில் கேட்க முடியாது. பலேனோவுக்கானதை டொயோட்டாவில் கேட்க முடியாது. இரும்பு ஒன்றாக இருந்தாலும் ஒப்பந்தம் வேறு. ஆகவே உங்கள் வீட்டிலிருந்து அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் எவ்வளவு தூரம் என்பதே, நெல்லைச் சீமையில் வாழும் நமக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி என்பது என் கருத்து. பாளையங்கோட்டையிலோ பெருமாள்புரத்திலோ குடியிருப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. அம்பாசமுத்திரத்துக்காரர் திருநெல்வேலிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வர வேண்டும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் என்றால் அதற்கும் மேல். வள்ளியூர், பணகுடிப் பக்கத்தவருக்குத் திருநெல்வேலியைவிட நாகர்கோவில் அருகில் இருக்கும். சங்கரன்கோவிலார் கோவில்பட்டிப் பக்கமும் பார்க்கலாம். நாடு முழுவதும் மாருதிக்கு 4,000-க்கும் மேற்பட்ட சர்வீஸ் இடங்கள் உண்டு. டொயோட்டாவின் எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. ஆனால் நாட்டுக் கணக்கு உங்களுக்கு உதவாது. உங்கள் ஊரிலிருந்து போய், காரைக் காலையில் விட்டு மாலையில் எடுத்து வர ஒரு நாள் முழுவதும் ஆகுமா, வேலை நாளில் விடுப்பு எடுக்க வேண்டுமா, வீட்டுக்கே வந்து காரை எடுத்துச் செல்வார்களா என்றுதான் கணக்கிட வேண்டும்.

அந்த மையத்துக்கு ஒருமுறை நேரில் சென்று பார்ப்பதும் நல்லது. என் உறவினர் ஒருவர் வேறொரு ஜோடியைச் சேர்ந்த காரை வைத்திருக்கிறார். சேரன்மாதேவிச் சாலையில் மாடு குறுக்கே வந்ததில் அதன் ஹெட்லைட் உடைந்துவிட்டது. புதிய விளக்கு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. விளக்கும் பம்பரும்தான் இரட்டைகளுக்கு இடையில் வேறுபடுபவை. அதாவது அவசரத்துக்கு மற்ற காரின் பொருளை வாங்கிப் பொருத்த முடியாதவை. நம் சாலைகளில் முதலில் உடைபவையும் அவையே. ஆகையால் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும், "பம்பர், ஹெட்லைட் இருப்பில் உண்டா, இல்லையென்றால் எத்தனை நாளில் வரும்?" என்று உதிரிபாகப் பிரிவில் உள்ளவரிடம் கேளுங்கள், இதற்கான விடையை விற்பனைப் பிரிவில் உள்ளவர் சொன்னால் அது போதாது.

பேரம்

இரட்டைக் கார் வாங்குபவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பலம் உண்டு: அவர் கேட்கும் அதே கார் தெருவின் மறுகோடியில் வேறு பெயரில் நிற்கிறது. இரு காட்சிக்கூடங்களிலும் விலைத்தாளை எழுதி வாங்கி, காரின் விலை, வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, உதிரி அலங்காரப் பொருட்கள், தள்ளுபடி, பழைய காருக்கான மதிப்பு ஆகியவற்றைத் தனித்தனி இனங்களாகப் பிரித்துப் பாருங்கள். ஒருவர் தள்ளுபடியைக் கூட்டிக் காட்டிப் பழைய காரின் மதிப்பைக் குறைத்திருப்பார்; மற்றவர் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு கட்டணத்தைச் சேர்த்திருப்பார். அந்தக் கட்டணத்தை நீக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும். "அண்ணாச்சி, அங்கே இந்த விலை சொல்றாங்க, நீங்க என்ன சொல்லுதிய?" என்று தாளைக் காட்டி மரியாதையோடு கேட்டால், பெரும்பாலும் மேலாளர் வரை பேச்சு போகும். ஆடி மாதத்தில் நம் மக்கள் புதிய வண்டி எடுக்கத் தயங்குவதால் அப்போது சலுகைகள் கூடுவது வழக்கம். ஆடியில் விலை பேசி முன்பணம் கட்டி, ஆவணியில் வண்டியை எடுப்பது குறித்துக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு பெயருக்குப் பல வாரக் காத்திருப்பு இருந்து மற்றதற்கு இல்லாமல் இருப்பதும் உண்டு. அவசரம் இல்லாதவருக்கு இது பெரிதல்ல.

பழைய கார் வாங்குபவருக்கு

உண்மையில் இந்த விவரங்களால் மிகுந்த பயன் பெறுபவர் பழைய கார் தேடுபவர்தான். விற்பனை நின்றுபோன பெயருக்குச் சந்தையில் மதிப்பு குறையும். அதன் இரட்டை இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருந்தால் எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் பொருட்களுக்குப் பஞ்சம் இராது. 2020 முதல் 2022 வரை விற்கப்பட்ட டொயோட்டா அர்பன் குரூசர், உள்ளே விட்டாரா பிரெஸ்ஸாதான். டெரானோவைப் பார்க்கும் மெக்கானிக் டஸ்டரைப் பார்த்துப் பழகியவராக இருந்தால் போதும். விலை குறைந்த பெயரை வாங்கி, பெருகிக் கிடக்கும் பெயரின் பொருட்களால் பராமரிப்பது சிக்கனமான வழி. அத்தகைய கார்களில் மட்டும் பம்பரும் விளக்கும் நல்ல நிலையில் உள்ளனவா என்பதை இருமடங்கு கவனத்தோடு பாருங்கள்.

திருநெல்வேலியின் டி.என். 72 பதிவு ஆனாலும் தென்காசியின் டி.என். 76 பதிவு ஆனாலும், ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயரும் மாடல் பெயரும் காரில் ஒட்டியிருக்கும் சின்னத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். சிலர் ஆசைக்காக கிரில்லையும் சின்னத்தையும் மாற்றிவிடுவதுண்டு. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் எண்ணை, வண்டியில் பொறித்திருப்பதோடும் ஆர்.சி.யோடும் காப்பீட்டுத் தாளோடும் ஒப்பிடுங்கள்.

அதே எண்ணைக் கொண்டு திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் பார்த்துவிட வேண்டும். 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதிப்பதற்காக மாருதி 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. பலேனோவும் கிராண்ட் விட்டாராவும் அவற்றில் இருந்தன. அதே காரணத்துக்காக டொயோட்டா 1,390 கிளான்சா, ஹைரைடர் கார்களை அழைத்தது. இரண்டு அறிவிப்புகளும் 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை உருவான வண்டிகளைப் பற்றியவை. ஆகவே இரட்டையில் ஒன்றுக்கு அறிவிப்பு வந்த செய்தியைப் படித்தால், மற்றதை வைத்திருப்பவரும் தம் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் அன்றே போட்டுப் பார்ப்பது நல்லது.

உத்தரவாதம் முடிந்த பிறகு

உத்தரவாதக் காலம் வரை சொந்த நிறுவனத்தின் மையத்திலேயே சர்வீஸ் செய்து, ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துவது நல்லது. அதன் பிறகு இரட்டையால் கிடைக்கும் ஆதாயம் தொடங்குகிறது. சித்தப்பாவின் காருக்கு உத்தரவாதம் முடிந்ததும் நாங்கள் இரண்டு பெயரிலும் ஏர் ஃபில்டர் வாங்கி வந்து, திண்ணையில் செய்தித்தாளை விரித்து அருகருகே வைத்துப் பார்த்தோம். பெட்டிகளின் நிறம் வேறு, எண் வேறு, விலை வேறு. உள்ளே இருந்தவற்றின் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தோம். தாள் மடிப்புகளைச் சித்தப்பா ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணிக்கையும் விளிம்பின் கனமும் ஓரத்தில் இருந்த சிறு காதுகளும் ஒன்றாகவே இருந்தன. அத்தானின் காரில் ஒன்றையும் சித்தப்பாவின் காரில் மற்றதையும் மாற்றிப் பொருத்தினோம். இரண்டும் சரியாக உட்கார்ந்தன.

ஃபில்டர்கள், பிரேக் பேட், வைப்பர், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் போன்றவற்றை இவ்வாறு இரு பெயரிலும் விலை கேட்டு வாங்கலாம். பழைய பொருளைக் கையில் எடுத்துச் சென்று கடையில் ஒப்பிட்டு வாங்குவதே பாதுகாப்பு. எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி, சாவி, திரை, ஏர்பேக் தொடர்பான பொருட்கள் மென்பொருளோடு பிணைந்தவை என்பதால் அவற்றில் இந்தச் சோதனை வேண்டாம். ஒவ்வொரு முறையும் பொருந்திய பொருளின் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி ஆர்.சி. உறைக்குள் வைத்துவிடுங்கள். சித்தப்பாவின் உறையில் அப்படி இப்போது ஒன்பது பொருட்களின் எண்கள் இருக்கின்றன. அத்தான் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.